இதய ஆபரேஷன் முடிந்தது... சிறுநீரகம் எப்படி இருக்கிறது?

பாரூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு குழந்தைக்கு 'இதயத்தில் ஓட்டை' என்று தெரியவந்தால், பல குடும்பங்கள் ஓசூர் வழியாக பெங்களூருவுக்குத்தான் பஸ் ஏறுகின்றன. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் பொம்மசந்திராவில் நாராயணா மருத்துவமனை இருக்கிறது. நகருக்குள் ஜெயதேவா, ஒயிட்ஃபீல்டில் கட்டணமே வாங்காத சத்ய சாய் மருத்துவமனை. வேலூருக்கும் சென்னைக்கும் போகிறவர்களும் உண்டு.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்ததும் எல்லாப் பெற்றோரும் கேட்பது, "இதயம் நல்லா இருக்குங்களா?" என்றுதான். அதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு: "நீர் நல்லாப் போகுதுங்களா? கிரியேட்டினின் எவ்வளவு?" ஏனென்றால், இதய ஆபரேஷனுக்குப் பிறகு குழந்தைகளின் உடலில் அதிகம் அடிபடும் உறுப்புகளில் ஒன்று சிறுநீரகம். அந்தப் பாதிப்புக்கான காரணங்களில் சில யார் கையிலும் இல்லை. ஆனால் சில, பெற்றோர் கையிலேயே இருக்கின்றன.

இதயத்தைத் தொட்டால் சிறுநீரகம் ஏன் பாதிக்கப்படுகிறது?

இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. அந்த வரத்து குறைந்தால் சிறுநீரகம் தாங்காது. ஏரியில் தண்ணீர் குறையும்போது முதலில் காய்வது கடைமடை வயல்தான் என்பது பாரூர் ஏரிப் பாசனக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிறுநீரகத்தின் நிலையும் அதுவே. வரத்து குறைந்தாலும் கெடும். வடிகால் அடைபட்டு நீர் தேங்கினாலும் கெடும். இதயத்தின் வலப்பக்கம் பலவீனமாக இருந்தால் ரத்தக் குழாய்களில் அழுத்தம் பின்னோக்கி ஏறும். அதுவும் சிறுநீரகத்தை அமுக்கும்.

இதயத்தைத் திறந்து செய்யும் ஆபரேஷனில், இதயம் நிறுத்தப்பட்டு அதன் வேலையை இதய–நுரையீரல் இயந்திரம் ஏற்றுக்கொள்கிறது. இயந்திரம் தரும் ஓட்டம் பெரும்பாலும் நாடித்துடிப்பு இல்லாத, ஒரே சீரான ஓட்டம். குழாய்களுக்குள் சுற்றும்போது சிவப்பணுக்கள் சில உடைந்து, அவற்றிலிருந்து வெளியேறும் ஹீமோகுளோபின் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைப் பாதிக்கிறது. உடல் முழுக்க அழற்சியும் உண்டாகிறது. எல்லாம் சேர்ந்துதான் 'திடீர் சிறுநீரகப் பாதிப்பு'.

எவ்வளவு பேருக்கு வருகிறது?

இந்தியாவில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறவி இதயக் கோளாறோடு பிறப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு முதல் வயதுக்குள்ளேயே சிகிச்சை தேவைப்படும்.

வட அமெரிக்காவில் 311 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2011-ல் வெளியான ஆய்வில், இதய ஆபரேஷனுக்குப் பிறகு 42 சதவீதம் பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பு காணப்பட்டது. பச்சிளங்குழந்தைகளை மட்டும் எடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் பாதிக்கும் மேல். எண்களைப் பார்த்துப் பதற வேண்டாம். இவற்றில் பெரும்பகுதி முதல் நிலைப் பாதிப்பு. சில நாட்களில் சரியாகிவிடும். கடுமையான நிலைக்குப் போகும் குழந்தைகளுக்குத்தான் வென்டிலேட்டரும் ஐ.சி.யூ. நாட்களும் நீள்கின்றன; உயிராபத்தும் கூடுகிறது.

ஆபரேஷனுக்கு முன்பே இருக்கும் ஆபத்துகள்

வயதும் எடையும்: ஒரு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆபத்து அதிகம், பிறந்து ஒரு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்ய நேர்ந்தால் இன்னும் அதிகம். சிறுநீரகத்தின் வடிகட்டிகள் கருவில் 36-வது வாரம் வரை உருவாகிக்கொண்டிருக்கும். அதனால் குறைமாதக் குழந்தைகளுக்கு வடிகட்டிகளின் எண்ணிக்கையே குறைவாக இருக்கலாம்.

சிறுநீரகத்திலும் பிறவிக் குறை: இதயமும் சிறுநீரகமும் கருவில் ஏறக்குறைய ஒரே காலத்தில் உருவாகின்றன. அதனால் இதயக் கோளாறுள்ள சில குழந்தைகளுக்கு ஒரே சிறுநீரகம், சிறுநீர்ப் பாதையில் அடைப்பு போன்றவையும் சேர்ந்தே இருக்கும். வயிற்று ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்.

நீலம் பாரித்த குழந்தைகள்: உதடும் நகமும் நீலமாக இருக்கும் கோளாறுகளில் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு, ரத்தம் கெட்டிப்படும். பல ஆண்டுகள் இப்படியே ஓடினால் சிறுநீரகத்தின் வடிகட்டிகள் சேதமடையும். பள்ளிக்கூட வயது வரை தள்ளிப்போட்டு வரும் குழந்தைகளுக்கு இந்தச் சிக்கல் கூடுதல்.

நிலைமை மோசமான பிறகு வருவது: நிமோனியாவோடும் கிருமித்தொற்றோடும் வந்து, ஆபரேஷனுக்கு முன்பே வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தையின் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும்.

மருந்தும் சாயமும்: ஜென்டாமைசின், அமிகாசின், வான்கோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள், சில வலி மருந்துகள், ஆஞ்சியோ பரிசோதனையில் ஏற்றப்படும் சாயம் ஆகியவை சிறுநீரகத்துக்குச் சுமை. சாயம் ஏற்றிய கையோடு ஆபரேஷனும் நடந்தால் இரண்டு அடி ஒன்றாக விழுகிறது. நிலைமை அனுமதித்தால் மருத்துவர்கள் இடைவெளி விடப் பார்ப்பார்கள்.

ஆபரேஷன் மேஜையில்

இங்கே பெற்றோர் செய்யக்கூடியது எதுவும் இல்லை, தெரிந்துகொண்டால் போதும். இயந்திரத்தில் இருக்கும் நேரம் கூடக் கூட ஆபத்தும் கூடும். மகாதமனியைக் கிடுக்கி போட்டு அடைத்துவைக்கும் நேரமும் அப்படியே. இரண்டு அறைகளுக்கு நடுவில் இருக்கும் சாதாரண ஓட்டையை அடைப்பதைவிட, ஒற்றைக் கீழறையோடு பிறந்த குழந்தைக்குச் செய்யும் சிக்கலான ஆபரேஷனில் ஆபத்து பல மடங்கு. உடலை மிகவும் குளிரவைத்து ரத்த ஓட்டத்தையே சிறிது நேரம் நிறுத்திச் செய்ய வேண்டிய ஆபரேஷன்களும், அதிக ரத்தம் ஏற்ற வேண்டிய நிலையும் இதில் சேரும்.

ஐ.சி.யூ.வின் முதல் மூன்று நாட்கள்

ஆபரேஷன் முடிந்த முதல் 24 மணி நேரத்தில், குறிப்பாக 6 முதல் 18 மணி நேரம் வரை, இதயத்தின் தள்ளும் திறன் தற்காலிகமாகக் குறைவது வழக்கம். ரத்த அழுத்தம் இறங்கினால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போதாது. அதோடு கிருமித்தொற்று சேர்ந்தால் பாதிப்பு கூடும். உடலில் நீர் கோத்துக்கொள்வது இன்னொரு சிக்கல். உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் நீர் சேர்ந்தால் குழந்தை தேறுவது தாமதப்படும்.

இதனால்தான் ஐ.சி.யூ.வில் தாகத்தால் அழும் குழந்தைக்கும் தண்ணீரை மில்லி கணக்கில் அளந்து தருகிறார்கள். பாட்டி மனசு கேட்காமல் ஒரு டம்ளர் கொடுத்துவிட்டால் அந்தக் கணக்கு கெட்டுப்போகும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இரண்டு அளவுகோல்கள். ஒன்று, ரத்தத்தில் கிரியேட்டினின். இரண்டு நாட்களுக்குள் 0.3 மில்லிகிராம் கூடினாலோ, ஒரு வாரத்துக்குள் பழைய அளவைவிட ஒன்றரை மடங்கு ஆனாலோ சிறுநீரகப் பாதிப்பு என்று கணக்கு. அதனால் ஆபரேஷனுக்கு முன்பு எடுத்த அளவு மிக முக்கியம். பழைய அளவு 0.3 ஆக இருந்த குழந்தைக்கு 0.6 என்று வந்தால், லேப் தாளில் அது சாதாரணம்போல்தான் தெரியும். உண்மையில் இரண்டு மடங்கு ஏறியிருக்கிறது. பிறந்து சில நாட்களே ஆன குழந்தையின் ரத்தத்தில் தாயின் கிரியேட்டினினும் கலந்திருக்கும். அதை மருத்துவர்கள் தனியாகக் கணக்கிடுவார்கள்.

இரண்டாவது, நீர் போகும் அளவு. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லிக்கும் குறைவாக 6 மணி நேரத்துக்கு மேல் போனால் எச்சரிக்கை. 8 கிலோ குழந்தைக்கு 6 மணி நேரத்தில் 24 மில்லிகூட வரவில்லை என்றால் கவனிக்க வேண்டும். நர்ஸ் டயாப்பரை எடை போட்டுக் குறிப்பது இதற்காகத்தான்.

கிரியேட்டினின் ஏற ஒன்றிரண்டு நாட்கள் ஆகும்; அதற்குள் பாதிப்பு நடந்து முடிந்திருக்கும். அமெரிக்காவின் சின்சினாட்டியில் பிரசாத் தேவராஜன் குழுவினர் 71 குழந்தைகளிடம் ஆய்வு செய்து, சிறுநீரகம் அடிபட்டால் கூடும் என்கால் என்ற புரதம் ஆபரேஷன் முடிந்த 2 மணி நேரத்திலேயே ஏறுவதை 2005-ல் காட்டினார்கள். ஆனாலும் நம் ஊரில் பெரும்பாலான இடங்களில் இன்றும் கிரியேட்டினினும் நீர்க் கணக்கும்தான் கை கொடுக்கின்றன.

'டயாலிசிஸ்' என்றதும் மனம் உடைய வேண்டாம்

நீர் பிரியவில்லை, பொட்டாசியம் ஏறுகிறது என்றால் சில நாட்களுக்கு டயாலிசிஸ் தேவைப்படலாம். சின்னக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வயிற்றுக்குள் மெல்லிய குழாய் வைத்து, திரவத்தைச் செலுத்தி எடுக்கும் முறையே வசதி. ஆபத்து அதிகம் என்று தெரிந்த குழந்தைகளுக்குச் சில மருத்துவமனைகளில் ஆபரேஷன் மேஜையிலேயே அந்தக் குழாயை வைத்துவிடுவார்கள். பெரியவர்களுக்கு வாழ்நாள் முழுக்கச் செய்யும் டயாலிசிஸோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சிறுநீரகம் ஓய்வெடுத்துத் தேறும்வரைக்கும்தான் இந்த உதவி.

பெற்றோர் கையில் இருப்பவை

முதலாவது, சீக்கிரம் போவது. பால் குடிக்கும்போது வியர்ப்பது, மூச்சிரைப்பது, எடை ஏறாதது, அடிக்கடி சளி, உதடு நீலமாவது ஆகியவை இதயக் கோளாறின் அறிகுறிகள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் அரசுக் குழந்தைகள் நல மருத்துவக் குழு பரிசோதித்து, மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. கர்நாடக மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால், அங்கே அந்த அட்டை செல்லுமா என்று தேதி வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, மறைக்காமல் சொல்வது. குறைமாதப் பிரசவம், பழைய சிறுநீர்த் தொற்று, குடும்பத்தில் சிறுநீரக நோய், ஊரில் போட்ட ஊசி, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மருந்து, நாட்டு மருந்து என எல்லாவற்றையும் சொல்லுங்கள். தின்று முடித்த மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடாமல் கொண்டுபோங்கள். காய்ச்சலோ பேதியோ இருந்தால், 'தேதி தள்ளிப்போகுமே' என்று மறைக்காதீர்கள். நீர்ச்சத்து வற்றிய உடலோடு ஆபரேஷனுக்குப் போவது சிறுநீரகத்துக்கு ஆபத்து.

வீட்டுக்கு வந்த பிறகு

டிஸ்சார்ஜ் தாளில் பலரும் பார்ப்பது இதயத்தைப் பற்றிய வரிகளை மட்டும்தான். 'சிறுநீரகப் பாதிப்பு இருந்ததா? கடைசிக் கிரியேட்டினின் எவ்வளவு? அடுத்த பரிசோதனை எப்போது?' என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். பெங்களூருவில் நடந்தது கிருஷ்ணகிரியில் பார்க்கும் மருத்துவருக்கு அந்தத் தாள் வழியாகத்தான் தெரியும். அப்பா, அம்மா இருவரும் சிப்காட் ஷிப்டுக்குப் போகும் வீடுகளில் மருந்து கொடுப்பது பாட்டிதான். அவருக்குப் புரியும்படி மருந்தின் பெயர், அளவு, நேரம் எல்லாவற்றையும் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

வாந்தி, பேதி வந்தால்: ஃபுரோசிமைடு, எனலாப்ரில் போன்ற இதய மருந்துகள் சாப்பிடும் குழந்தைக்கு நீர் வற்றினால் சிறுநீரகம் மறுபடியும் அடிபடும். டிகாக்சின் உடலில் தங்கி நஞ்சாகலாம். நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். நீங்களாகத் தொடரவும் செய்யாதீர்கள். அன்றே மருத்துவரைக் கேளுங்கள்.

காய்ச்சல், வலிக்கு: இபுப்ரோஃபென், மெஃபெனமிக் அமிலம், டைக்ளோஃபெனாக் ஆகியவற்றை மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். எடைக்கேற்ற பாராசிட்டமால் போதுமா என்று கேளுங்கள். என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத சூரணமும் பஸ்பமும் வேண்டாம்.

இளநீரும் பழமும்: நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் நம் தோப்பு இளநீரைத்தான் வெட்டிக்கொண்டு வருவார்கள். இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் முழுதாகத் தேறாத குழந்தைக்கும், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடும் குழந்தைக்கும் அது இதயத்துடிப்பையே குலைக்கலாம். மருத்துவர் சரி என்ற பிறகு கொடுங்கள்.

குடிநீர்: கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அதிகம். வேலை குறைந்த சிறுநீரகம் அதை வெளியேற்ற முடியாமல் திணறும். குடிக்கவும் சமைக்கவும் போர் தண்ணீரைத் தவிர்த்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைப் பயன்படுத்துவது நல்லது.

எவ்வளவு காலம் கவனிக்க வேண்டும்?

சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்ட குழந்தைக்கு மூன்று மாதத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்க வேண்டும். பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது. ஆபரேஷன் முடிந்த 131 குழந்தைகளை ஐந்து ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்த ஓர் ஆய்வில், ஏறக்குறைய 17 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அன்றைக்குச் சிறுநீரகப் பாதிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் இதில் பெரிய வேறுபாடு இல்லை. அதனால் இதய ஆபரேஷன் செய்துகொண்ட எல்லாக் குழந்தைகளுக்கும், குழந்தைகளுக்கான அளவுள்ள கைப்பட்டையை வைத்து ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகள்

• 6 முதல் 8 மணி நேரமாக நீர் போகாதது
• முகம், கண் இமை, கால் வீங்குவது. இரண்டொரு நாளில் எடை திடீரென ஏறுவது
• சிறுநீர் டீ நிறத்திலோ சிவப்பாகவோ போவது
• நிற்காத வாந்தி, சோர்வு, மூச்சுத்திணறல், வலிப்பு

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலை வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். கையில் டிஸ்சார்ஜ் தாள் இருக்கட்டும். வரவேற்பறையில் இருப்பவரிடம் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை: "இது இதய ஆபரேஷன் செய்த குழந்தை, கிட்னியையும் பாருங்கள்."