கிடங்கும் நெருப்பும்

மறைமலையடிகளின் பெயர் தாங்கிய மறைமலை நகர் தொடங்கி, சிங்கப்பெருமாள் கோயில், ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை தொழிற்சாலைகள் நெருங்கி நிற்கின்றன. மோட்டார் வண்டிகளை உருவாக்கும் தொழிலுக்கு வண்ணப்பூச்சு, கரைப்பான், ரப்பர், பிளாஸ்டிக் ஆகியவை இன்றியமையாதவை. இவையாவும் தீப்பற்றும் பண்டங்களே. இவற்றை அடுக்கி வைக்கும் கிடங்கில் நீர்த்தூவி வேண்டுமா, வேண்டாவா என்பது சிலருக்குச் செலவுக் கணக்காகத் தோன்றும். உண்மையில் அஃது உயிர்க் கணக்கு.

நீர்த்தூவியை ஸ்பிரிங்க்ளர் என்பர். பொதுவான அமைப்பில், கூரையின் அடியில் நீர் நிறைந்த குழாய்கள் செல்லும். அவற்றிலுள்ள ஒவ்வொரு தூவியின் வாயையும் திரவம் அடைத்த சிறு கண்ணாடிக் குமிழ் காத்து நிற்கும். அனல் மேலெழுந்ததும் திரவம் விரிந்து குமிழை உடைக்க, நீர் பொழியும். சிவப்புத் திரவமுள்ள குமிழ் 68 டிகிரி செல்சியசில் உடையும். புகை பட்டு உடையாது. எல்லாத் தூவிகளும் ஒருங்கே திறக்கும் என்பதும் தவறு. அனல் தாக்கியவையே திறக்கும். தீயணைப்பு வண்டி வருமுன்னரே, தீ சிறிதாயிருக்கும்போதே அதனை அடக்குவது இதன் சிறப்பு.

வளர்ந்துவிட்ட தீயின் கொடுமையைச் சென்னை கண்டிருக்கிறது. 2017 மே 31 அன்று தியாகராய நகரில் ஏழடுக்குத் துணிக்கடை ஒன்றில் பற்றிய தீ ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது; எஞ்சியதையும் இடிக்க நேர்ந்தது. துணியே இவ்வாறு எரியுமாயின், கரைப்பானைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

ஆயின், தூவி அமைத்துவிட்டால் கவலையின்றி உறங்கலாமா? 1982 ஜூன் 21 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கே-மார்ட் நிறுவனத்தின் மாபெரும் கிடங்கு எரிந்தழிந்தது. அங்கே நீர்த்தூவிகளும் இருந்தன, தீத்தடுப்புச் சுவர்களும் இருந்தன. எனினும் ஏரோசால் குப்பிகள் வெடித்து, எரிந்தவாறே பறந்து, தீயை அடுத்த பகுதிகளுக்குச் சுமந்து சென்றன. அச்சரக்கின் வேகத்துக்கு அங்கிருந்த ஏற்பாடு ஈடுகொடுக்கவில்லை.

ஆதலின் முடிவெடுப்போர் கேட்க வேண்டிய வினாக்கள் நான்கு.

முதலாவது, பண்டம் யாது? பெட்ரோல் நீரின்மேல் மிதந்து எரியும். அதற்கு நுரை வேண்டும். சோடியம், கால்சியம் கார்பைடு போன்றவற்றின்மீது நீர் படவே கூடாது. இரண்டாவது, அடுக்கின் உயரம் எவ்வளவு? உயர்ந்த அடுக்குகளின் அடித்தட்டில் மூளும் தீயைக் கூரைநீர் எட்டாமற் போகலாம். அடுக்குகளுக்கு இடையிலும் தூவிகள் தேவைப்படும். மூன்றாவது, போதிய நீரும் அழுத்தமும் உண்டா? வால்வு மூடிக் கிடந்தால் அனைத்தும் வீண்.

நான்காவது, ஊற்றிய நீர் எங்கே செல்லும்? 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகரருகே சாண்டோஸ் நிறுவனக் கிடங்கு எரிந்தபோது, தீயணைத்த நீரோடு பூச்சிக்கொல்லிகள் ரைன் ஆற்றிற் கலந்தன. மீன்கள் பெருந்தொகையாக மடிந்தன. செங்கற்பட்டுச் சீமையோ ஏரிகளுக்குப் பெயர்பெற்றது. கழிவுநீரைத் தேக்கும் தொட்டியின்றேல் அந்த ஏரிகளின் கதி என்னாகும்?

நாளை உங்களுள் சிலர் பொறியாளராகவும் கிடங்கு மேலாளராகவும் அமர்வீர்கள். புதுச் சரக்கு வாயிலில் வந்திறங்கும் ஒவ்வொரு முறையும் இந்நான்கு வினாக்களையும் மீண்டும் கேளுங்கள். நேற்றைய சரக்குக்காக அமைத்த காவல் இன்றைய சரக்குக்குப் போதாதிருக்கலாம்.