லீவு நாளில் மழையா? ஜாலிதான்!

குட்டீஸ்... காலாண்டுத் தேர்வு முடிந்து லீவு விட்டாச்சு! ஏற்காடு போகலாம், கொல்லிமலை ஆகாய கங்கை அருவியைப் பார்க்கலாம், குரும்பப்பட்டி பூங்காவில் மான்களைப் பார்க்கலாம் என்று பெரிய திட்டமே போட்டு வைத்திருப்பீர்கள். அந்த நேரம் பார்த்து வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. 'சோ'வென்று மழை! "இந்த மழையில எங்கேயும் போக வேண்டாம்" என்று அம்மா சொல்லிவிட, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டீர்களா?

எழுந்திருங்க! நம்ம சேலம், நாமக்கல் பக்கம் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் வெயில்தான். வெயிலை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். மழை அப்படியா? அது எப்போதாவது வரும் விருந்தாளி. அதிலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் இங்கே அதிகமாகத் தலைகாட்டும். வீடு தேடி வந்த விருந்தாளியைக் கவனிக்காமல் டி.வி. பார்ப்பது நியாயமா? ஒரு பழைய நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் 'மழை டைரி' என்று எழுதுங்கள். அவ்வளவுதான், வேலை ஆரம்பம்!

மழையை அளப்போம்!

'சேலத்தில் 4 செ.மீ. மழை' என்று செய்தியில் சொல்கிறார்களே, அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? பெய்த தண்ணீர் எங்கும் ஓடாமல், மண்ணுக்குள் இறங்காமல் அப்படியே தேங்கினால், 4 செ.மீ. உயரத்துக்கு நிற்கும் என்று அர்த்தம். இதை அளக்கும் கருவிக்கு மழைமானி என்று பெயர். நீங்களே செய்யலாம்.

பக்கவாட்டில் வளைவு நெளிவு இல்லாத 2 லிட்டர் குளிர்பான பாட்டில் ஒன்று எடுங்கள். மேல்பக்கம் குறுகத் தொடங்கும் இடத்தில் பெரியவர்களை விட்டு வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய மேல்பகுதியின் மூடியைக் கழற்றிவிட்டு, புனல் மாதிரி தலைகீழாகப் பாட்டிலுக்குள் வையுங்கள். பாட்டிலின் அடிப்பகுதி மேடு பள்ளமாக இருக்கும். அதனால் கொஞ்சம் கூழாங்கற்களைப் போட்டு, அந்த மேடு பள்ளம் மறையும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். அந்தத் தண்ணீர் மட்டம்தான் உங்கள் பூஜ்ஜியம். அதிலிருந்து மேல்நோக்கி ஒரு ஸ்கேலை ஒட்டிவிட்டால் மழைமானி ரெடி!

மரம், சுவர் பக்கத்தில் வைக்கக் கூடாது. திறந்த வெளியில், சாயாமல் இருக்க நாலு செங்கல் அணைத்து வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து எழுதிவிட்டு, தண்ணீரை மறுபடியும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வானிலை ஆய்வு மையமும் அதே 8.30 மணிக்குத்தான் கணக்கெடுக்கிறது!

ஒரு நாளில் இரண்டரை மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் வானிலைக்காரர்கள் அதை 'மழை நாள்' என்று ஒப்புக்கொள்வார்கள். 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 செ.மீ. வரை மிக கனமழை. அதையும் தாண்டினால் அதி கனமழை. மேகாலயாவில் உள்ள சிரபுஞ்சியில் 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரை ஒரே ஆண்டில் 26,461 மி.மீ. பெய்ததாம். அவ்வளவும் அப்படியே தேங்கியிருந்தால், எட்டு மாடிக் கட்டடம் மூழ்கியிருக்கும்!

மொட்டை மாடிக் கணக்கு

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 மி.மீ. மழை பெய்தால், அது சரியாக 1 லிட்டர் தண்ணீர். உங்கள் வீட்டு மொட்டை மாடி 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 20 மி.மீ. மழை பெய்தால் எவ்வளவு? 100 x 20 = 2,000 லிட்டர்! 15 லிட்டர் பிடிக்கும் குடத்தில் எடுத்தால் 133 குடம். ஒரே ஒரு மழையில், ஒரே ஒரு மாடியில்!

அந்த 133 குடமும் எங்கே போகிறது? மாடியிலிருந்து இறங்கும் குழாயைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். சாக்கடைக்குப் போகிறதா, மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குப் போகிறதா? தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு வேண்டும் என்று 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. தொட்டி இருக்கும், ஆனால் குப்பை அடைத்துக் கிடக்கும். மழை விட்டதும் அப்பாவையும் சேர்த்துக்கொண்டு சுத்தம் செய்துவிடுங்கள்.

இது ஏன் முக்கியம் தெரியுமா? நாமக்கல் மாவட்டம் திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ரிக் லாரிகள் இந்தியா முழுக்கப் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. எத்தனை நூறு அடி தோண்டினாலும், மேலே பெய்த மழை உள்ளே இறங்கியிருந்தால்தானே கீழே தண்ணீர் இருக்கும்? ஊருக்கெல்லாம் கிணறு தோண்டும் நம்ம ஊரில், குழாய் வெறும் காற்றை ஊதினால் நன்றாகவா இருக்கும்!

இடி எவ்வளவு தூரத்தில்?

மின்னல் வெளிச்சம் உடனே கண்ணுக்கு வந்துவிடும். இடிச் சத்தம் மெதுவாகத்தான் வரும். அது ஒரு வினாடியில் ஏறத்தாழ 340 மீட்டர்தான் நகரும். அதனால் மின்னல் தெரிந்ததும் ஒன்று, இரண்டு, மூன்று என வினாடிகளை எண்ணுங்கள். இடி கேட்டதும் நிறுத்தி, மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் தூரம் என்று தெரிந்துவிடும். 12 வினாடி என்றால் 4 கி.மீ. எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் மின்னல் நம்மை நோக்கி வருகிறது. கூடிக்கொண்டே போனால் 'டாட்டா' சொல்கிறது!

இதை வீட்டுக்குள் இருந்துதான் செய்ய வேண்டும். 30 வினாடிக்குள் இடி கேட்டால் மொட்டை மாடி, மரத்தடி, தென்னந்தோப்பு, வயல்வெளி எதிலும் நிற்கவே கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகுதான் வெளியே வர வேண்டும்.

மேட்டூர் அணையின் ரகசியம்

நாளிதழில் தினமும் மேட்டூர் அணையின் நீர்மட்டம் வருமே, கவனித்திருக்கிறீர்களா? 1925-ல் கட்டத் தொடங்கி 1934-ல் முடித்த அணை அது. முழு உயரத்துக்கு நிரம்பினால் 120 அடி. தினமும் அந்த எண்ணை டைரியில் எழுதுங்கள். பக்கத்திலேயே உங்கள் மழைமானி காட்டிய எண்ணையும் எழுதுங்கள். பத்து நாள் கழித்து இரண்டையும் கோடாக வரைந்து பாருங்கள்.

ஆச்சரியமாக இருக்கும்! உங்கள் ஊரில் கொட்டித் தீர்த்த நாளில் அணை அசையாமல் இருந்திருக்கலாம். உங்கள் ஊரில் வெயில் அடித்த நாளில் மளமளவென்று ஏறியிருக்கலாம். ஏனென்றால் அணைக்குப் பெரும்பாலும் தண்ணீர் வருவது கர்நாடகத்தின் குடகிலும், கேரளத்தின் வயநாட்டிலும் பெய்யும் மழையால்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அணை நிரம்பி உபரிநீர் திறந்துவிட்டால், குமாரபாளையம், பள்ளிபாளையம், மோகனூர் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லாதபோதே காவிரியில் வெள்ளம் வரும். 'வெயில்தானே அடிக்குது, குளிக்கலாம்' என்று யாராவது கூப்பிட்டால், 'அணையில் எவ்வளவு தண்ணீர் திறந்திருக்காங்க?' என்று கேளுங்கள். வெள்ளம் ஓடும்போது ஆற்றுப் பக்கம் போகவே வேண்டாம். இந்த ஒரு கேள்வி உங்கள் நண்பனின் உயிரைக்கூடக் காப்பாற்றும்.

யாருக்கு லாபம், யாருக்குக் கஷ்டம்?

நீங்கள் இப்போது நிருபர்! அக்கம்பக்கத்தில் உள்ள ஐந்து பேரிடம், "இந்த மழை உங்களுக்கு நல்லதா, கஷ்டமா?" என்று கேளுங்கள். கிடைக்கும் பதில்கள் ஒரே மாதிரி இருக்காது.

குச்சிக்கிழங்கு போட்ட விவசாயி சிரிப்பார். அதே கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஆலையில் வேலை பார்ப்பவர், "களத்துல காயப் போட்டது நனைஞ்சா போச்சே!" என்பார். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலம் ஜவ்வரிசி, வெயிலில் காய்ந்தால்தான் வெள்ளை வெளேரென்று வரும். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடும் நெசவாளருக்கும் மழை வந்தால் வேலை நிற்கும். குழித்தறி போட்டிருப்பவர் வீட்டில் குழிக்குள்ளேயே தண்ணீர் ஊறும். செங்கல் சூளைக்காரருக்கும் அதே கவலை. லாரி டிரைவர் மாமாவைக் கேட்டால், தார்ப்பாய் கட்டுவதில் உள்ள கஷ்டத்தைச் சொல்வார்.

நமக்கு ஏற்காடு டூர் போச்சு என்று வருத்தம். சிலருக்கு அன்றைய கூலியே போய்விடுகிறது. கேட்டால்தானே தெரியும்!

தாத்தா பாட்டியோடு ஒரு ஆட்டம்

வெளியே போக முடியவில்லையா? சாக்பீஸை எடுத்துத் தரையில் ஆடுபுலி ஆட்டம் வரையுங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலிக்கு மூன்று புளியங்கொட்டை, ஆட்டுக்குப் பதினைந்து கல் போதும். புலி ஆட்டைத் தாண்டிக் குதித்து வெட்டும்; ஆடுகள் ஒற்றுமையாக நின்று புலியை நகர விடாமல் அடைக்க வேண்டும். கோடு எப்படிப் போடுவது என்று தாத்தாவைக் கேளுங்கள். தோற்றால் அழக் கூடாது!

மழை விட்டதும்...

கதவைத் திறந்ததும் மூக்கை உறிஞ்சுங்கள். ஆஹா, மண் வாசனை! இதற்கு 'பெட்ரிகோர்' என்று 1964-ல் பெயர் வைத்தவர்கள் இசபெல் ஜாய் பியர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள். மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் 'ஜியோஸ்மின்' என்ற பொருள்தான் இந்த வாசனைக்கு முக்கியக் காரணம். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரில் இந்த மண் வாசனையை அத்தராகவே காய்ச்சி எடுத்து, பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள்!

தரையைப் பாருங்கள். சிவப்பு வெல்வெட் துணியில் தைத்த பொம்மை மாதிரி ஒன்று ஊர்ந்து போகிறதா? அதுதான் தம்பலப்பூச்சி. கால்களை எண்ணினால் எட்டு இருக்கும். அதனால் அது சிலந்திக்குச் சொந்தம். பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள், தீப்பெட்டிக்குள் அடைக்காதீர்கள். சாயங்காலம் விளக்கைச் சுற்றும் ஈசல்கள், புதிய புற்று அமைக்கக் கிளம்பிய கறையான்கள். இறக்கையை உதிர்த்துவிட்டு ஜோடியாக மண்ணுக்குள் போய்விடும். இரவில் கேட்கும் தவளைக் கச்சேரியில் பாடகர்கள் எல்லோரும் ஆண் தவளைகள்தான்!

லீவு முடிந்து பள்ளிக்கூடம் போகும்போது உங்கள் மழை டைரியையும் எடுத்துப் போங்கள். "லீவுக்கு எங்கே போனே?" என்று நண்பர்கள் கேட்டால், "எங்கேயும் போகலே... மழைதான் எங்க வீட்டுக்கு வந்துச்சு. எத்தனை மில்லிமீட்டர்னு சொல்லட்டுமா?" என்று கேளுங்கள்.

என்ன குட்டீஸ், பாட்டில் கிடைச்சாச்சா? வானம் இருட்டுது பாருங்க, சீக்கிரம்!