தடுப்பூசி வந்த வழி

மக்களுக்கு நேரும் இடர்களுள் கொள்ளைநோய் மிகக் கொடியது. வெள்ளம் வருமுன் வான் கறுக்கும். பஞ்சம் வருமுன் குளம் வற்றும். கொள்ளைநோயோ கண்ணுக்குப் புலப்படாமல் வந்து, உற்றாரையும் ஒருவரையொருவர் அஞ்சி விலகச் செய்யும். அதனைத் தடுக்க நல்ல மருந்து மட்டும் இருந்தால் போதாது. அம்மருந்து ஒவ்வொருவருக்கும் சென்று சேரும் வழியும் செம்மையாக அமைதல் வேண்டும். இவ்வுண்மையைக் கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் எம் ஊரார் பட்டறிவால் உணர்ந்தனர்.

எம் ஊர் விளாங்குடி. மதுரை நகரின் வடமேற்கே, திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. முன்பு தனிப் பேரூராட்சியாக விளங்கிய இவ்வூர், 2011-ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியோடு இணைந்தது. என் இளமைக் காலத்தில் அம்மை குத்துவோர் தெருத்தெருவாக வருவர். அவர்களைக் கண்டதும் பிள்ளைகள் குதிரின் பின்னே ஒளிந்துகொள்வர். அன்று அழ அழக் குத்திய வடு இன்றும் என் கையில் உள்ளது.

தடுப்பூசியின் வரலாறு அந்த அம்மை நோயிலிருந்தே தொடங்குகிறது. 1796-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் எட்வர்டு ஜென்னர், மாட்டம்மையின் நீரை ஒரு சிறுவன் கையில் ஏற்றி, அது பெரியம்மையைத் தடுக்கும் என்று காட்டினார். 1802-ஆம் ஆண்டில் இம்முறை இந்தியாவுக்கு வந்தது. 1980-ஆம் ஆண்டில், பெரியம்மை உலகை விட்டே ஒழிந்தது என்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது.

தடுப்பூசி நோயைத் தருவதன்று; நோயின் அடையாளத்தை உடலுக்கு முன்கூட்டியே காட்டுவது. திருடனின் அங்க அடையாளங்களை அறிந்த காவலன், அவன் ஊருக்குள் நுழைந்தவுடன் விரைந்து பிடிப்பான் அல்லவா? அதுபோலவே, ஊசி போட்டுக்கொண்ட உடல் நோய்க்கிருமியை விரைவில் இனங்கண்டு எதிர்க்கிறது. நோய் ஓரோவழி வந்தாலும், அதன் கடுமை பெரும்பாலும் குறைகிறது.

கொரோனாத் தடுப்பூசி இடும் பணி நம் நாட்டில் 2021 சனவரி 16 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் அதன் தொடக்க விழா மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலேயே நிகழ்ந்தது. மருத்துவப் பணியாளர் முதலில் பெற்றனர். மார்ச்சு முதல் நாளிலிருந்து அறுபது வயது நிரம்பியோருக்கும், ஏப்பிரல் முதல் நாளிலிருந்து நாற்பத்தைந்து வயது நிரம்பியோர் அனைவருக்கும் வழி திறந்தது.

இம்முறை ஊசி தெருவுக்கு வரவில்லை. நாமே அதனைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. ‘கோவின்’ என்னும் இணையத்தளத்தில் கைப்பேசி எண்ணைப் பதிந்தால், ஆறு இலக்க எண் ஒன்று வரும். அதனை இட்டு, அடையாள அட்டையின் விவரத்தைக் கொடுத்து, இடமும் நாளும் தெரிந்தெடுத்தல் வேண்டும். தொடக்கத்தில் அத்தளம் ஆங்கிலத்தில் இருந்தது. 2021 சூன் மாதத்தில்தான் தமிழும் அதில் இடம்பெற்றது. நாற்பதாண்டுகள் தமிழ் கற்பித்த நான், என் பெயரைப் பதிவதற்கு அண்டை வீட்டுக் கல்லூரி மாணவியின் உதவியை நாடினேன். மார்ச்சு மாதத்தில் முதல் ஊசி போட்டுக்கொண்டேன். அன்றிரவு சிறிது காய்ச்சல் கண்டது, மறுநாள் தணிந்தது.

எம் தெருவில் பூக்கட்டி விற்கும் மூதாட்டி ஒருவர் உண்டு. அவரிடம் கைப்பேசி இல்லை. அதனினும் பெருந்தடை, அவர் நெஞ்சில் இருந்த அச்சம். நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள், ஏப்பிரல் 17 அன்று, மாரடைப்பால் மறைந்தார். அச்செய்தி தமிழ்நாடெங்கும் கலக்கத்தை உண்டாக்கியது. அவருடைய இறப்புக்கு ஊசி காரணம் அன்று என நடுவண் அரசின் வல்லுநர் குழு பின்னர் ஆராய்ந்து கூறியது. ஆயினும், அம்முடிவு வெளிவருவதற்குள் மாதங்கள் பல கடந்தன.

“ஊசி போட்டால் உயிர் போய்விடும் என்கிறார்களே, தாயி?” என்று மூதாட்டி அம்மாணவியைக் கேட்டார்.

அவள் நகைக்கவில்லை. “அப்பத்தா, தமிழையா ஊசி போட்டு நாற்பது நாளாயிற்று. நாள்தோறும் உங்களிடம்தானே பூ வாங்குகிறார்?” என்றாள்.

அந்நாளில் ஒரு கைப்பேசி எண்ணில் நால்வர் பெயரையே பதியலாம். தாய், தந்தை, தான் ஆகிய மூவர்க்கும் போக எஞ்சிய ஓர் இடத்தை அவள் மூதாட்டிக்கு அளித்தாள். குறித்த நாளில் உடன் அழைத்தும் சென்றாள்.

மையத்தில் ஒன்பதின்மர் காத்திருந்தனர். கோவிஷீல்டு மருந்துக் குப்பி ஒன்றில் பத்துப் பேருக்கு உரிய மருந்து இருக்கும். திறந்தபின் நான்கு மணி நேரத்துக்குள் அதனைப் பயன்படுத்திவிட வேண்டும். இன்றேல் எஞ்சியது வீணாகும். ஆகவே, செவிலியர் பத்தாம் ஆளை எதிர்நோக்கியிருந்தார். மூதாட்டி உள்ளே நுழைந்ததும் குப்பி திறக்கப்பட்டது. ஊசிக்குப்பின் அரைமணி நேரம் அனைவரும் அங்கேயே அமர்ந்திருந்தனர். ஒவ்வாமை ஏதும் நேர்ந்தால் உடனே மருத்துவம் செய்வதற்கே அவ்வேற்பாடு.

மே மாதத்தில் நோய் உச்சத்தை அடைந்தது; ஊரடங்கும் வந்தது. முன்பு தயங்கியோர் இப்போது விரைந்தனர், மருந்தோ போதவில்லை. பதினெட்டு வயது நிரம்பியோர் முதலில் இணையத்தில் முன்பதிவு செய்தே செல்லவேண்டும் என்பது விதி. இடங்கள் திறந்த சில நிமிடங்களில் நிரம்பிவிடும். பிறர்க்கெல்லாம் பதிந்து கொடுத்த அம்மாணவி, தனக்கு இடம் கிடைக்காமல் பல வாரங்கள் காத்திருந்தாள். மே 24 முதல் அரசு மையங்களில் நேரில் சென்றும் பதியலாம் என விதி தளர்ந்தது. சூன் மாத இறுதியில், வரிசையில் நின்று அவள் ஊசி பெற்றாள்.

கோவிஷீல்டின் இரண்டாம் தவணைக்குரிய இடைவெளி, மே மாதத்தில் பன்னிரண்டு முதல் பதினாறு வாரம் என மாற்றப்பட்டது. குறுஞ்செய்தியைப் படிக்க இயலாத மூதாட்டி, வாரத்துக்கு ஒன்றாகச் சுவரில் கரிக்கோடு இட்டு வந்தார். பன்னிரண்டாம் கோடு இட்ட அன்று, மாணவியின் வீட்டு வாயிலில் வந்து நின்றார்!

செப்டம்பர் 12 அன்று தமிழ்நாடெங்கும் பெருந்தடுப்பூசி முகாம்கள் நடைபெற்றன. ஊசி மீண்டும் தெருவை நாடி வந்தது. முன்பதிவு இன்றியே மக்கள் பெற்றனர். எம் தெருவில் தயங்கி நின்றோரிடம் தம் கையைக் காட்டி, “நான் இரண்டும் போட்டுவிட்டேன், வாருங்கள்” என்று அழைத்தவர் அம்மூதாட்டியே.

மாணவர்களே! புதியதொரு கருவி வரும்போது அதனை எளிதில் கற்பவர் இளைஞர். கல்லாமல் பின்தங்குவோர் முதியோரும் வறியோருமே. அவர்களுடைய அச்சத்தை எள்ளி நகையாடாமல் கேட்டு, விளக்கி, உடன் செல்வது கற்றார் கடமை. உங்கள் தெருவில் கடிதம் படிக்கவோ விண்ணப்பம் எழுதவோ இயலாதவர் எவரேனும் உளரா? இன்றே சென்று கேளுங்கள்.