மதுக்கரையிலிருந்து கடக்வாஸ்லாவுக்கு

மதுக்கரை என்றதும் வெளியூர்க்காரருக்கு சிமென்ட் ஆலை நினைவுக்கு வரும். உள்ளூர்க்காரருக்கு ராணுவ முகாமும் சேர்ந்தே வரும். பச்சை வண்டிகள் சந்தைக்கு வந்து போவது இங்கே தினசரிக் காட்சி. கிழக்கே சூலூரில் தேஜஸ் போர் விமானங்கள் பறக்கின்றன. கோவை நகருக்குள்ளேயே விமானப்படையின் நிர்வாகக் கல்லூரியும் கடற்படையின் ஐ.என்.எஸ். அக்ரானியும் இருக்கின்றன. நீலகிரி மலை ஏறினால் வெல்லிங்டன் ராணுவ முகாம். முப்படையும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் வட்டாரம் தமிழ்நாட்டில் அதிகமில்லை.

ஆனாலும் இந்தப் பக்கத்து மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் பலருக்குத் தெரிந்தது ஆள்சேர்ப்பு முகாம் மட்டும்தான்: மைதானத்தில் ஓடி, மார்பளவு காட்டி, அக்னிவீரராகச் சேர்வது. அது மதிப்புக்குரிய வழி. ஆனால் ப்ளஸ் டூ முடித்த கையோடு ஒரு தேர்வெழுதி, அரசு செலவில் படித்து, 21, 22 வயதில் லெப்டினன்ட் ஆகிற இன்னொரு வழி இருப்பது வகுப்பறை வரை வந்து சேர்வதில்லை. அந்த வழியின் பெயர் தேசிய பாதுகாப்பு அகாடமி, சுருக்கமாக என்.டி.ஏ.

புணே அருகே கடக்வாஸ்லாவில் இருக்கும் இந்த அகாடமியில் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் ஒரே கூரையின் கீழ் 3 ஆண்டு பயிற்சி. முடிக்கும்போது ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டம். அதன்பின் தரைப்படைக்குத் தேர்வானவர் டேராடூனுக்கும், கடற்படைக்காரர் கண்ணூர் பக்கத்து எழிமலைக்கும், விமானப்படைக்காரர் ஹைதராபாத் அருகே துண்டிகலுக்கும் அடுத்தகட்டப் பயிற்சிக்குப் போவார்கள். தங்குமிடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் அரசு பொறுப்பு.

தேர்வை நடத்துவது யு.பி.எஸ்.சி. வழக்கமாக ஏப்ரலில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. எழிமலை கடற்படை அகாடமிக்கான நேரடி இடங்களையும் சேர்த்து ஒவ்வொரு தேர்வுக்கும் ஏறக்குறைய 400 இடங்கள். வயது 16½-க்கும் 19½-க்கும் இடையே இருக்க வேண்டும். அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 100 ரூபாய்தான், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் அதுவும் இல்லை.

கணக்குத் தாள் 300 மதிப்பெண், பொதுத் திறன் தாள் 600. கணக்கில் இரண்டரை மணி நேரத்தில் 120 கேள்விகள். ஒரு கேள்விக்குக் கிடைப்பது ஒன்றேகால் நிமிடம். தவறான விடைக்கு, அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். பாடத்திட்டத்தில் மிரள ஒன்றுமில்லை. அணிகள், முக்கோணவியல், வெக்டர், நுண்கணிதம், நிகழ்தகவு எல்லாம் நம் மாநிலப் பாடநூலில் இருப்பவைதான். பழகவேண்டியது வேகம். பொதுத் திறன் தாளில் ஆங்கிலத்துக்கு மட்டும் 200. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது என்பதால் தமிழ்வழி மாணவருக்குச் சுமை இரட்டிப்பு. தமிழிலும் கேள்வித்தாள் தரவேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. அது நிறைவேறும்வரை தினமும் ஒரு ஆங்கிலச் செய்தித்தாளோடு அரை மணி நேரம் உட்காருவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில்தான் பலருக்கு இந்தக் கதவு பாதி மூடுகிறது. விமானப்படைக்கும் கடற்படைக்கும் ப்ளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். தரைப்படைக்கு எந்த குரூப்பானாலும் சரி, ஆனால் தேர்வில் அதே கணக்குத் தாளை எழுதித்தான் ஆகவேண்டும். கணக்கு இல்லாத அறிவியல் குரூப்பில் சேர்ந்த பையன் பின்னால் விமானி ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

எழுத்துத் தேர்வில் தேறியவர்களுக்கு அடுத்தது எஸ்.எஸ்.பி. எனப்படும் ஐந்து நாள் நேர்முகத் தேர்வு. இதற்கு 900 மதிப்பெண். அதாவது, எழுத்துத் தேர்வு முழுவதற்கும் எவ்வளவோ அவ்வளவு. பெங்களூரு, போபால், பிரயாக்ராஜ், மைசூரு என்று அழைப்பு வரும். முதல்முறை போகிறவருக்கு ரயில் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கணக்கில் கெட்டிக்காரர்களான கொங்குப் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான் என்பது என் எண்ணம்.

முதல் நாள் ஒரு மங்கலான படத்தை 30 விநாடி காட்டுவார்கள். 4 நிமிடத்தில் அதை வைத்து ஒரு கதை எழுத வேண்டும். பிறகு முன்பின் தெரியாத பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் கதையைச் சொல்லி, குழுவுக்குப் பொதுவாக ஒரு கதையை முடிவு செய்யவேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அங்கே வாயே திறக்காதவரும், அடுத்தவரைப் பேசவிடாமல் கத்துகிறவரும் அன்று மாலையே ஊருக்கு ரயிலேற நேரலாம். மறுநாள் உளவியல் தேர்வு: 15 விநாடிக்கு ஒன்றாக 60 சொற்கள் திரையில் வரும், ஒவ்வொன்றுக்கும் மனதில் தோன்றும் வாக்கியத்தை எழுதவேண்டும். அரை மணியில் 60 இக்கட்டான சூழ்நிலைகள், நீ என்ன செய்வாய் என்று. அடுத்து பலகை, கயிறு, பீப்பாய் கொண்டு குழுவாகத் தடை தாண்டுவது. இடையில் ஓர் அதிகாரியுடன் நீண்ட உரையாடல். வீடு, பள்ளி, நண்பர்கள், விளையாட்டு, எல்லாவற்றையும் கேட்பார்.

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு இது புது உலகம். அதைவிட வருத்தம் தருவது, தன்னிடம் இருப்பதையே மறைக்கிற கூச்சம். அப்பாவோடு தோட்டத்துக்குத் தண்ணி கட்டியது, ராத்திரி மோட்டார் நின்றதும் தானே போய் ஸ்டார்ட்டரைப் பார்த்தது, தறி ஓட்டும் அம்மாவுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தது எல்லாம் சொல்லத் தகாத விஷயம் என்று ஒதுக்கிவிட்டு, கோச்சிங் வகுப்பில் மனப்பாடம் செய்த பதிலை ஒப்பிக்கிறார்கள். தேர்வாளர்கள் தேடுவதோ பொறுப்பெடுத்துக்கொள்ளும் மனதை. பள்ளி என்.சி.சி.யில் ஒரு அணியை நடத்தியது, கபடிக் குழுவுக்கு ஆள் சேர்த்தது, ஊர்த் திருவிழாவில் அன்னதான வரிசையைச் சமாளித்தது எல்லாம் அங்கே எடுபடும். இலக்கணம் பிசகிய ஆங்கிலம் குற்றமில்லை. சொல்லவந்தது புரிந்தால் போதும். வாரம் ஒருநாள் வகுப்பில் ஐந்து நிமிடம் ஒவ்வொருவரையும் பேசவைக்கிற ஆசிரியர் பல ஆயிரம் ரூபாய் கோச்சிங்குக்குச் சமம்.

உடம்பையும் முன்கூட்டியே பார்க்கவேண்டும். 20 தண்டால், கம்பியில் 8 தரம் எம்பித் தாடை தொடுவது, ஓட்டம், கயிறேற்றம் ஆகியவற்றைப் பழகிவிட்டு வரும்படி யு.பி.எஸ்.சி. அறிவிப்பே சொல்கிறது. காதில் அழுக்கு, சொத்தைப் பல், அதிக எடை போன்ற எளிதில் சரிசெய்யக்கூடிய குறைகளை முன்பே கவனிக்காததால் மருத்துவப் பரிசோதனையில் தடங்கல் வருவதுண்டு. நிறப்பார்வைக் குறையை மட்டும் சரிசெய்ய முடியாது. அதை ஒன்பதாம் வகுப்பிலேயே கண் மருத்துவரிடம் காட்டித் தெரிந்துகொண்டால் பிள்ளை வீணாக ஆசை வளர்க்கவேண்டியதில்லை. பச்சை குத்துவதற்கும் கட்டுப்பாடு உண்டு.

இன்னும் சின்ன வயதிலேயே தொடங்க விரும்புவோருக்கு உடுமலை பக்கம் அமராவதி அணையருகே சைனிக் பள்ளி இருக்கிறது. என்.டி.ஏ.வுக்கு மாணவர்களைத் தயார்செய்யவே 1962-ல் தொடங்கப்பட்டது. 6, 9 ஆகிய வகுப்புகளில் நுழைவுத் தேர்வு வழியே சேரலாம். ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், ஒன்பதுக்கு ஆங்கிலம் மட்டும். கட்டணம் கணிசம்தான், பெற்றோர் வருமானத்தைப் பொறுத்து உதவித்தொகை உண்டு. டேராடூனில் 1922-ல் தொடங்கிய ராஷ்டிரிய இந்தியன் மிலிட்டரி கல்லூரியிலும் எட்டாம் வகுப்பில் சேரலாம். தமிழ்நாட்டில் அந்தத் தேர்வை டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிறது. 2000 முதல் 2002 வரை தரைப்படைத் தளபதியாக இருந்த ஜெனரல் எஸ். பத்மநாபன் அங்கே படித்து, என்.டி.ஏ. வழியாகப் போனவர்.

பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கதவுகள் திறந்து அதிக காலமாகவில்லை. 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்ட பிறகுதான் என்.டி.ஏ. தேர்வெழுத அனுமதி கிடைத்தது. முதல் அணியில் 17 பெண்கள் 2025 மே 30 அன்று கடக்வாஸ்லாவில் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். சைனிக் பள்ளிகள் எல்லாவற்றிலும் 2021-22 முதல் மாணவிகளைச் சேர்க்கிறார்கள்.

“ஏனுங்க, மேல யாராச்சும் ஆளு தெரிஞ்சாத்தானுங்க எடுப்பாங்க?” என்பது பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி. அமெரிக்காவில் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் சேர விரும்பும் மாணவர் பொதுவாக நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் பரிந்துரையைப் பெறவேண்டும். இங்கே எவர் கடிதமும் தேவையில்லை, செல்லவும் செல்லாது. இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர் மோசடிக்காரர், அவர் பெயரைப் போலீசில்தான் சொல்லவேண்டும்.

வயது தாண்டிவிட்டாலும் வழி உண்டு. கல்லூரி முடித்து சி.டி.எஸ். எனப்படும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள் தேர்வெழுதி, சென்னை பரங்கிமலையில் 1963 முதல் இயங்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் சேரலாம். என்.சி.சி. ‘சி’ சான்றிதழ் வைத்திருக்கும் பட்டதாரிகளுக்கு எழுத்துத் தேர்வில்லாத தனி நுழைவும் இருக்கிறது; எஸ்.எஸ்.பி. மட்டும் அவர்களுக்கும் அதே ஐந்து நாள்.