நடுராத்திரி போன் யாருக்கு?

பள்ளிப்பட்டு, திருத்தணிப் பக்கமிருந்து படித்து முடித்து, திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி ஆலைகளில் சேர்ந்த இன்ஜினியர்களில் பலருக்கு இப்போது பன்னிரண்டு, பதினைந்து வருட சர்வீஸ். இவர்களில் கெட்டிக்காரர் யாரென்று கண்டுபிடிப்பது சுலபம். நடுராத்திரி பிரேக்டவுன் என்றால் யாருக்கு போன் போகிறதோ, அவர்தான்.

ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பிரஷர் ஏறவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஷிப்டில் இருக்கும் டிப்ளமா பையன் ஒரு மணி நேரமாக மல்லுக்கட்டுகிறான். சார் வருகிறார். பம்ப் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறார், டேங்கைத் தொட்டுச் சூடு பார்க்கிறார், ரிலீஃப் வால்வைக் கழற்றுகிறார். உள்ளே ஒரு இரும்புத் துணுக்கு. அரை மணியில் மெஷின் ஓடுகிறது. அடுத்த பிரமோஷனில் அவர் மேனேஜர். துணுக்கு எங்கிருந்து வந்தது, ஃபில்டரை ஏன் மாற்றவில்லை என்று யாரும் கேட்பதில்லை. பையனும் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்ததோடு சரி.

இப்படிப் பாதி வழி வந்தவர்களைத் தலைமைக்குத் தயார்செய்ய, இந்திய, ஜப்பானிய அரசுகள் 2007-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கின. கான்பூர், சென்னை ஐ.ஐ.டி.களும் கொல்கத்தா ஐ.ஐ.எம்.மும் சேர்ந்து ஓராண்டுப் படிப்பை நடத்தின. வழிகாட்டி பேராசிரியர் ஷோஜி ஷிபா. 2012-இல் பத்மஸ்ரீ பெற்றவர். மீனைப் புரிந்துகொள்ளத் தொட்டிக்குள் குதித்து அதனுடன் நீந்த வேண்டும், பிறகு வெளியே வந்து யோசிக்க வேண்டும் என்பது அவர் பாடம். நம்மவர்கள் குதிப்பதில் சூரர்கள். வெளியே வருவதுதான் வரமாட்டேன் என்கிறது.

முடியாத காரியமல்ல. பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, ஜப்பானியப் பேராசிரியர் சுடாவின் வழிகாட்டுதலில், தர மேலாண்மைக்கான டெமிங் பரிசை 1998-இல் வாங்கியது. இந்தியாவிலேயே அதை வாங்கிய முதல் கம்பெனி. ஒரு சூரரை நம்பி அந்தப் பரிசை வாங்க முடியாது.

சிறிய ஃபவுண்டரிக்காரர் தன் ஆளை ஓராண்டு படிக்க அனுப்புவாரா? மாட்டார். ஆனால், ஒன்று செய்யலாம். அடுத்த பிரேக்டவுனில் சார் ஸ்பேனரைத் தொடாமல், "என்னப்பா பார்த்தே? அடுத்து எதைக் கழற்றுவே?" என்று கேட்டபடி நிற்கலாம். அரை மணி வேலை இரண்டு மணி ஆகும். புரொடக்‌ஷன் ஹெட் கத்துவார். அந்தக் கத்தலிலிருந்து அவரைக் காப்பாற்றுவது முதலாளியின் வேலை. அப்ரைசலில் எத்தனை பேரைத் தயார் செய்தார் என்பதற்கும் மார்க் போட்டு, அதற்கு இன்க்ரிமென்ட்டும் கொடுத்தால், சார் தானாகவே நிற்பார்.