கல்லில் விளையும் திராட்சை

"இந்தக் கல்லுக்காட்டுல என்னங்க விளையும்?" வங்கியில் இருந்த காலத்தில் கடன் கேட்டு வந்த உழவரிடம் நான் கேட்ட கேள்வி இது. சாகுபடிக்கு ஏற்றதல்ல என்று எழுதி அனுப்பிவிட்டேன். அவர் நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டார்.

மகள் பார்சிலோனாவில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது, தென்மேற்கே உள்ள பிரியோராத் மலைப்பகுதிக்குக் கூட்டிப்போனாள். பேர்பெற்ற வைன் ஊர். நான் வைன் குடிப்பவனில்லை, மண்ணைத்தான் பார்த்தேன். மண் எங்கே இருந்தது? எல்லாம் கருஞ்சிலேட்டுப் பலகைக்கல். 'லிக்கோரெல்லா' என்கிறார்கள். காலை வைத்தால் சரசரவென்று சரிகிறது.

மத்தியதரைக்கடல் வெயில், கோடையில் மழை குறைவு. ஆனாலும் கர்னாச்சா, கரினேனா ரகத் திராட்சைகள் பந்தலில்லாமல் குத்துச்செடியாக நிற்கின்றன. மேல்மண்ணில் ஈரம் நிற்காததால் வேர் கல்லிடுக்கில் புகுந்து ஆழத்து ஈரத்தைத் தேடிப்போகிறது. காய்ப்பு குறைவு, பழைய கொடியில் ஒரு கிலோவே கிடைப்பதும் உண்டு. பழம் சிறுத்து, சாறு அடர்த்தியாகிறது. அதுதான் சுவை.

இங்கே 12ஆம் நூற்றாண்டிலேயே ஸ்காலா தேய் மடத்துத் துறவிகள் திராட்சை வளர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வேரைத் தின்னும் பிலாக்சரா பூச்சி வந்து தோட்டங்கள் அழிந்தன. சனங்கள் ஊரைவிட்டுப் போனார்கள். பிறகு ரெனே பார்பியே, ஆல்வரோ பலாசியோஸ் முதலான சிலர் கிராதலோப்ஸ் கிராமத்தில் சேர்ந்து, 1989 அறுவடையில் வைன் செய்தார்கள். எடையைக் கூட்டப் பார்க்கவில்லை, தரத்துக்கு விலை வாங்கினார்கள். இன்று ஸ்பெயினில் மிக உயர்ந்த தரச்சான்று பெற்ற வைன் பகுதிகள் இரண்டே: ரியோஹாவும் இதுவும்.

எல்லாமே சரியென்று சொல்லவில்லை. இயந்திரம் வைத்துச் சரிவை வெட்டிப் படிமேடை போட்ட இடங்களில் மண் அரித்துப்போகிறது. நாம் படிக்கவேண்டிய பாடம் அதிலும் இருக்கிறது.

ஊர் திரும்பியதும் என் இரண்டு ஏக்கர் சரளையில் போர் போடும் யோசனையை விட்டேன். சமமட்ட வரப்பு, மூடாக்கு, மானாவாரிப் பயறு. ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று மட்டும் கேட்காதீங்க. கிலோ என்ன விலை, செலவு எவ்வளவு, கையில் என்ன மிஞ்சும் என்று கேளுங்க. அன்றைக்கு அந்த உழவரிடம் நான் கேட்டிருக்கவேண்டிய கேள்விகள் இவைதான்.