போரும் சாகசமும்: புதினங்கள் உணர்த்தும் உண்மை

நுழையும்முன்

ஆபத்தும் வீரமும் நிறைந்த கதைகளை இளையோர் விரும்பிப் படிப்பர். போரைக் களமாகக் கொண்ட சாகசக் கதைகளுக்கு அவற்றுள் தனியிடம் உண்டு. அக்கதைகள் வீரத்தை மட்டும் காட்டுகின்றனவா, போருக்கு மனிதர் கொடுத்த விலையையும் உணர்த்துகின்றனவா? தமிழ்ப் புதினங்களின் துணையோடு இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

நம் ஊரைத் தொட்ட போர்

உலகப் போர்கள் எங்கோ தொலைவில் நடந்தவை எனக் கருதுகிறோம். ஆயினும், அவற்றின் தடங்கள் நம் மண்ணிலும் உண்டு. முதல் உலகப் போரின்போது சென்னை மாகாணத்தில் பதனிடப்பட்ட தோல்கள் பிரித்தானியப் படைவீரரின் காலணிகளுக்குப் பயன்பட்டன. ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதி அம்மாகாணத்தின் தோல் தொழில் மையங்களுள் ஒன்றாகும். 1942 ஏப்ரலில் கொழும்பின்மீதும் விசாகப்பட்டினத்தின்மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அச்சமுற்ற சென்னை மக்கள் பெருந்திரளாக உள்நாட்டு ஊர்களுக்குப் புறப்பட்டனர். சென்னையிலிருந்து மேற்கே வரும் இருப்புப்பாதை ஜோலார்பேட்டையில்தான் பெங்களூருக்கும் சேலத்துக்குமாகப் பிரிகிறது. தொடர்வண்டிகளில் அன்று மேற்கே சென்றோர் பலர் இவ்வூரைக் கடந்தே சென்றனர்.

கடல் கடந்து வாழ்ந்த தமிழர்க்கோ போர் இன்னும் நெருங்கி வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பர்மாவிலிருந்து பல இலட்சம் இந்தியர் காடும் மலையும் கடந்து நடந்தே தாயகம் வந்தனர். அவ்வாறு வந்தவர்களுள் ஒருவரான வெ. சாமிநாத சர்மா தம் அனுபவத்தைப் ‘பர்மா வழி நடைப்பயணம்’ என்னும் நூலாக எழுதினார்.

வெல்லும் நாயகன்

ஆங்கிலத்தில் சிறுவர்க்கான போர்ச் சாகசக் கதைகள் நெடுங்காலமாக எழுதப்பட்டு வருகின்றன. முதல் உலகப் போரில் விமானியாகப் பணியாற்றிப் பகைவரிடம் சிறைப்பட்ட டபிள்யூ.இ. ஜான்ஸ், 1932 முதல் ‘பிகிள்ஸ்’ என்னும் விமானியின் கதைகளைப் படைத்தார். இவ்வரிசை நூறு நூல்களை நெருங்கியது. அடுத்த நூலிலும் தோன்ற வேண்டியவன் ஆதலால், எந்த ஆபத்திலிருந்தும் அந்நாயகன் மீண்டே ஆக வேண்டும். வாசகர்க்கும் அது தெரியும். எனவே, ஆபத்து இன்பமாகிறது; இழப்பு மறைந்துபோகிறது.

இதற்கு மாறான நூல்களும் உண்டு. இயன் செரயிலியர் 1956இல் வெளியிட்ட ‘வெள்ளி வாள்’ என்னும் புதினத்தில், போலந்துச் சிறுவர்கள் போரால் சிதைந்த ஐரோப்பாவைக் கடந்து தம் பெற்றோரைத் தேடிச் செல்கின்றனர். பகைவரை வெல்வதன்று, பிரிந்த குடும்பம் மீண்டும் கூடுவதே அவர்களுடைய வெற்றி.

கணக்கர் கையில் துப்பாக்கி

தமிழில் போர்ச் சாகசப் புதினத்தின் சிகரமாக விளங்குவது ப. சிங்காரம் எழுதிய ‘புயலிலே ஒரு தோணி’. இதன் ஒரு பகுதியைப் பத்தாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்த சிங்காரம், இளமையிலேயே இந்தோனேசியாவின் மெடான் நகருக்கு வேலை தேடிச் சென்றவர். போர்க்காலத்தை அங்கேயே கழித்தவர். பின்னர்த் தாயகம் திரும்பி மதுரையில் ‘தினத்தந்தி’ நாளிதழில் பணியாற்றினார். எழுதி முடித்துப் பல ஆண்டுகள் காத்திருந்தபின் 1972இல்தான் இப்புதினம் நூலாயிற்று.

இதன் நாயகன் பாண்டியன், வட்டிக்கடையில் கணக்கெழுதப் போன எளிய இளைஞன். போர் அவனை இந்திய தேசிய இராணுவ வீரனாக்குகிறது. கடற்புயலில் சிக்கிய தொங்கான், மறைவான பணிகள், துப்பாக்கிச் சண்டைகள் எனச் சாகசக் கதைக்குரிய கூறுகள் அனைத்தும் இதில் உள்ளன. ஆனால், அவன் நெஞ்சில் மதுரைத் தெருக்களின் நினைவு ஓயாது எழுகிறது. ஊர் திரும்பும் ஏக்கம் நிறைவேறுவதில்லை. பிகிள்ஸுக்கு இருப்பதுபோல் பாண்டியனுக்கு அடுத்த நூல் என ஒன்றில்லை.

சிங்காரத்தின் மற்றொரு புதினம் ‘கடலுக்கு அப்பால்’. போர்முனையிலிருந்து மீண்ட செல்லையாவைப் பழைய முதலாளி தம் மகளுக்குரிய மணமகனாக ஏற்க மறுக்கிறார். படையில் இருந்தவன் தொழிலுக்கு உதவான் என்பது அவர் எண்ணம். களத்தில் போற்றப்படும் வீரம் கடைவீதியில் குறையாகிவிடுகிறது. சண்டை முடிந்தபின் வீரனுக்கு என்ன நேர்கிறது என்னும் வினாவைச் சாகசக் கதைகள் பெரும்பாலும் எழுப்புவதில்லை, இப்புதினம் எழுப்புகிறது.

தெரிந்து தெளிவோம்

1942-43இல் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 415 கி.மீ. நீள இருப்புப்பாதை அமைத்தனர். இப்பணியில் மலாயாத் தோட்டங்களைச் சேர்ந்த தமிழர் பல்லாயிரவர் பசியாலும் நோயாலும் மாண்டனர். இவ்வவலத்தை மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் புதினமாகப் படைத்தார்.

படிப்போர் கடமை

சாகசக் கதையின் விறுவிறுப்பை வெறுக்க வேண்டியதில்லை. அதுவே பலரை வாசிப்புக்கு அழைத்து வருகிறது. ஆயினும், கதையை மூடியபின் சில வினாக்களை எழுப்பிப் பார்த்தல் வேண்டும். வென்றவன் எதை இழந்தான்? பெயரின்றி மடிந்தோர் யாவர்? காத்திருந்த குடும்பம் என்னவாயிற்று? இவ்வினாக்களுக்கு இடம் தரும் கதையே காலம் கடந்து நிற்கிறது. போரை நேரில் காணாத தலைமுறைக்கு அதன் உண்மையை உணர்த்தும் பொறுப்பு இலக்கியத்திற்கு உண்டு. அதனை உணர்ந்து படிக்கும் பொறுப்பு வாசகர்க்கு உண்டு.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் படித்த அல்லது திரைப்படமாகக் கண்ட போர்க்கதை ஒன்றில், நாயகனல்லாத ஒருவரின் பார்வையில் அக்கதையை எழுதுக.

2. பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் வாழ்ந்து திரும்பிய குடும்பங்கள் உங்கள் பகுதியில் இருப்பின், மூத்தோரின் நினைவுகளைக் கேட்டுத் தொகுத்து வகுப்பறையில் பகிர்க.